இராமானுஜன் கேட்ட 289 ஆம் கேள்வி



கடந்த மாத உரையின் முடிவில் நேயர் அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தபோது மில்லிக்கனில் இருந்து ஒரு தாயார் பேசினார். அன்றைய உரை வருமான வரிப் பத்திரங்கள் பற்றியது. அவர் கேட்டதோ வேறு.

"அண்ணை, வரிக்கணக்கு கிடக்கட்டும். மகளின்ரை கணிதப் பாடத்திலை வர்க்கமூலம் சுருக்கிற கணக்கு வந்திருக்கு. கல்குலேற்றரிலை தட்டினா விடை வருது, பிறகேன் அஞ்சு வரி எழுதோணும் எண்டு கேக்கிறாள். நான் இதையெல்லாம் தமிழிலை படிச்சனான், இப்ப அரைவாசி மறந்தும் போச்சு. அவளுக்கு நான் என்ன சொல்ல?"

நிகழ்ச்சி முடிய இரண்டு நிமிடங்களே இருந்தன. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் எனக்கே போதவில்லை. ஆகவே இந்த மாத உரையை அந்தத் தாயாரின் கேள்விக்கே ஒதுக்கினேன். வானொலியில் சொன்னதை இங்கே எண்களோடு சற்று விரிவாக எழுதுகிறேன். எண்களைக் காதால் கேட்பதிலும் கண்ணால் பார்ப்பது இலகு அல்லவா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் கணித ஆசிரியன் அல்லன். சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டு வர்த்தகப் பிரிவுக்குப் போய், வணிகமாணிப் பட்டம் பெற்று, இன்று கணக்காளனாகப் பிழைப்பு நடத்துபவன். ஆயினும் இந்தக் கேள்விக்கான மிக நல்ல பதில் ஒரு கணக்குப் பிரிவு எழுதுவினைஞரின் வாழ்க்கையில் இருக்கிறது. அதனால் எனக்கும் இதில் பேசக் கொஞ்சம் உரித்து உண்டு என்று நினைக்கிறேன்.

சேடும் சர்வசமன்பாடும்

√2, √3 போன்ற மூலங்களை நாங்கள் ஊரில் 'சேடு' என்று படித்தோம். தசமத்தில் எழுதத் தொடங்கினால் இவை முடிவதே இல்லை. எங்கே நிறுத்தினாலும் ஒரு துண்டு மிஞ்சும். அதேபோல எந்த எண்ணை இட்டாலும் இருபக்கமும் சமனாக நிற்கும் சமன்பாட்டைச் 'சர்வசமன்பாடு' என்றோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதற்கு 'முற்றொருமை' என்று பெயர். எல்லோரும் மனப்பாடம் செய்த இரண்டு இவை:

(அ + ஆ)² = அ² + ஆ² + 2அஆ
(அ + ஆ)(அ − ஆ) = அ² − ஆ²

இப்போது √(5 + 2√6) என்ற ஒரு சேட்டைப் பாருங்கள். மூலத்துக்குள் மூலம். கூட்டினால் 5, பெருக்கினால் 6 வரும் இரண்டு எண்கள் எவை? 3 உம் 2 உம். அப்படியானால் உள்ளே இருப்பது √3 + √2 என்பதன் வர்க்கமே. ஆகவே விடை √3 + √2. முதலாவது சர்வசமன்பாட்டைப் பின்பக்கமாக வாசித்தோம், அவ்வளவுதான்.

"கல்குலேற்றரில் தட்டினால் என்ன?" என்ற கேள்விக்கு இரண்டாவது சர்வசமன்பாடு பதில் சொல்லும். 1 ஐ (√3 − √2) ஆல் வகுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் 1.73 இலிருந்து 1.41 போக 0.32. ஒன்றை அதனால் வகுத்தால் 3.125. ஆனால் மேலும் கீழும் √3 + √2 ஆல் பெருக்கினால் கீழே 3 − 2 = 1 ஆகிவிடும். விடை √3 + √2. அதே 1.73 ஐயும் 1.41 ஐயும் கூட்டினால் 3.14. உண்மைப் பெறுமதி 3.146. எடுத்துக்கொண்ட எண்கள் இரண்டு முறையிலும் அவையே. ஆனால் முதலாவது முறையில் வந்த பிழை இரண்டாவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

கணக்கு வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. ஏறத்தாழச் சமனான இரு பெரிய தொகைகளைக் கழித்து, வந்த சிறு வித்தியாசத்தால் எதையாவது வகுத்தால், முன்பு கைவிட்ட சதங்கள் எல்லாம் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும். சுருக்குவது என்பது அழகுக்காகச் செய்வதல்ல. பெறுமதியில் ஒரு சதமும் சிந்தாமல் வடிவத்தை மட்டும் மாற்றும் வேலை அது.

பாஸ்கரர் முதல் வட்டுக்கோட்டை வரை

இந்த வேலை மிகவும் பழையது. 1150 ஆம் ஆண்டில் பாஸ்கரர் எழுதிய 'பீஜகணிதம்' என்ற சமஸ்கிருத நூலில் சேடுகளைக் கூட்டவும் பெருக்கவும் வகுக்கவும் மூலம் காணவும் தனியான விதிகள் உண்டு. சேட்டை அவர் 'கரணி' என்பார். அவர் தரும் உதாரணங்களுள் ஒன்று, 10 + √24 + √40 + √60 என்பதன் வர்க்கமூலத்தைக் காண்பது. விடை √2 + √3 + √5. சரிபார்க்க விரும்புவோர் அதை வர்க்கித்துப் பார்க்கலாம். 2, 3, 5 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 10. மற்ற மூன்று மூலங்களும் இரண்டிரண்டாகப் பெருக்கி இருமடங்காக்கும்போது வருபவை. கல்குலேற்றர் தோன்றுவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, உள்ளே இருப்பது எதன் வர்க்கம் என்று தேடும் பழக்கம் இருந்திருக்கிறது.

அந்த நூலின் பெயர் பின்னர் எமது ஊரிலும் ஒரு நூலுக்கு வந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் தமிழோடும் ஆங்கிலத்தோடும் அட்சரகணிதம், கேத்திரகணிதம், வானியல் எல்லாம் கற்பிக்கப்பட்டன. அதன் முதல் அதிபர் டானியல் பூர். அங்கே படித்துப் பின் அங்கேயே கற்பித்த கறோல் விசுவநாதபிள்ளை, 1855 இல் 'வீசகணிதம்' என்ற பெயரில் அட்சரகணித நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். பீஜகணிதம் என்பதன் தமிழ் வடிவமே வீசகணிதம்.

1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரில் ஒருவர் இந்த விசுவநாதபிள்ளை. மற்றவர் அதே செமினரியில் படித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அந்தப் பெரியார், சென்னையில் அரசாங்க வரவுசெலவுக் கணக்குச் சாலையில் வேலை பார்த்தவர் என்பதைக் கணக்காளர்கள் நாங்கள் சற்றுப் பெருமையோடு நினைவில் வைத்திருக்கலாம்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், "நான் இதைத் தமிழில் படித்தனான்" என்று அந்தத் தாயார் சொன்னபோது குரலில் ஒரு தாழ்வு இருந்தது. தாழ்வுக்கு இடமே இல்லை. அட்சரகணிதம் தமிழில் அச்சேறி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது.

கும்பகோணத்துப் பிள்ளை

இனி எமது கதாநாயகனிடம் வருவோம். சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22 இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதினார். பிள்ளை நகர உயர்நிலைப் பள்ளியில் படித்தார். ஏறக்குறையப் பதினாறு வயதில் ஜி. எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கையில் கிடைத்தது. பரீட்சைக்குப் படிப்போருக்காகச் சுமார் 5000 முடிவுகளை அடுக்கிய நூல் அது. நிறுவல்கள் மிகக் குறைவு. அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகத் தாமே நிறுவிப் பார்ப்பதில் பிள்ளை மூழ்கிப்போனார்.

அதன் விலையையும் அவர் கொடுத்தார். 1904 இல் புலமைப்பரிசிலுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தவர் மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் பரிசிலை இழந்தார். பின் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப். ஏ. பரீட்சையில் தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909 இல் திருமணமும் நடந்துவிட்டது. தாளுக்குக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குச் செய்து, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளின் ஆரம்பம் நினைவுக்கு வரும். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கு. கொப்பி வாங்குவதே பெரும்பாடு. பட்டப்படிப்பின் இடையே நான் அயல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த காலம் அது. ஒரு தாளில் முதலில் பென்சிலால் செய்வார்கள், பிறகு அதன் மேலேயே பேனையால் செய்வார்கள். இடம் முடிந்தால் விளிம்பில் செய்வார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சுருக்குவது என்பது பாடம் மட்டும் அல்ல, தாளைச் சேமிக்கும் வழியும்கூட.

மூன்று இதழ்கள், விடை இல்லை

1910 இல் இராமானுஜன் தம் குறிப்பேடுகளோடு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே உதவிக் கலெக்டராக இருந்த வி. இராமசுவாமி ஐயர்தாம் 1907 இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். குறிப்பேட்டைப் பார்த்த அவர், வருவாய்த்துறையில் ஒரு சின்ன வேலையைக் கொடுத்து இந்தத் திறமையை அமுக்கிவிட மனம் வராமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் உதவ, இராமானுஜன் சென்னையில் தங்கினார்.

சங்கத்தின் சஞ்சிகையில் கேள்விப் பகுதி ஒன்று இருந்தது. வாசகர் ஒருவர் கணக்கொன்றை அனுப்புவார், மற்றவர்கள் விடை அனுப்புவார்கள். 1911 இல் அந்தப் பகுதியில் 289 ஆம் கேள்வியாக இராமானுஜனின் கணக்கு வந்தது. இதன் பெறுமதி என்ன என்று கேட்டிருந்தார்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

மூலத்துக்குள் மூலம், அதற்குள் இன்னொரு மூலம், இப்படியே முடிவில்லாமல் போகிறது. முன்னே நிற்கும் எண்கள் 2, 3, 4, 5 என்று ஏறுகின்றன. சஞ்சிகை வாசகர்கள் கல்லூரிப் பேராசிரியர்களும் கணிதத்தில் தேர்ந்தவர்களும்தாம். ஒரு இதழ் வந்தது, விடை இல்லை. இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. ஆறு மாதங்களாகியும் எவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் இராமானுஜனே விடையை எழுதினார். 1912 ஆம் ஆண்டுத் தொகுதியில் அது உள்ளது.

விடை: 3.

வெறும் மூன்று! எப்படி? வழக்கமாக நாங்கள் அடைப்புக்குறிக் கணக்கை உள்ளே இருந்து தொடங்குவோம். இங்கே உள்ளே போனால் முடிவே இல்லை, தொடங்க இடமும் இல்லை. இராமானுஜன் வெளியே இருந்து தொடங்கினார். அவர் கையில் இருந்த கருவி எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடும் ஒரு சர்வசமன்பாடு. அதைச் சொல்லாகச் சொன்னால்: எந்த எண்ணின் வர்க்கமும் அதற்கு முந்திய எண்ணையும் பிந்திய எண்ணையும் பெருக்கி ஒன்றைக் கூட்டியதற்குச் சமன். மேலே நாங்கள் கண்ட அ² − ஆ² என்பதில் ஆ வுக்கு 1 ஐ இட்டால் கிடைப்பதுதான் இது.

3 இன் வர்க்கம் 9. அது 1 + 2 × 4. ஆகவே 3 = √(1 + 2 × 4).
4 இன் வர்க்கம் 16. அது 1 + 3 × 5. ஆகவே 4 = √(1 + 3 × 5).
5 இன் வர்க்கம் 25. அது 1 + 4 × 6. ஆகவே 5 = √(1 + 4 × 6).

இனி முதல் வரியில் உள்ள 4 ஐ எடுத்துவிட்டு இரண்டாவது வரியை அங்கே வையுங்கள்: 3 = √(1 + 2√(1 + 3 × 5)). அடுத்து 5 ஐ எடுத்துவிட்டு மூன்றாவது வரியை வையுங்கள்: 3 = √(1 + 2√(1 + 3√(1 + 4 × 6))). இப்படியே 6, 7, 8 என்று போய்க்கொண்டிருந்தால் கேள்வியில் இருந்த வடிவம் அப்படியே வந்துவிடும். இராமானுஜன் எழுதிய வரிகளின் தோற்றம் சற்று வேறு. உட்பொருள் இதுவே.

மீதியைக் கவனியுங்கள்

இந்த இடத்தில் என்னுள் இருக்கும் கணக்காளன் சும்மா இருக்கமாட்டான். பேரேட்டில் ஒரு பக்கம் முடிந்ததும் 'மீதி கீழ் கொண்டு சென்றது' என்று எழுதி அடுத்த பக்கத்துக்குப் போவோம். மேலே செய்ததும் அதுதான். முதலில் 4 ஐக் கொண்டு சென்றோம், பிறகு 5, பிறகு 6. ஒவ்வொரு பக்கத்திலும் கணக்குச் சரி. ஆனால் பக்கங்கள் முடிவதே இல்லை என்றால், அந்தக் கடைசி மீதி எங்கே போனது?

இது வீண் சந்தேகம் அல்ல. இதே தந்திரத்தால் விடை 4 என்றும் 'காட்டலாம்'. 4 இன் வர்க்கம் 16. அது 1 + 2 × 7½. ஏழரையின் வர்க்கம் 56¼. அது 1 + 3 × 18 5/12. இப்படியே போனால் வெளியே தெரியும் வடிவம் அதே 1, 2, 1, 3, 1, 4 தான். அப்படியானால் விடை மூன்றா, நான்கா?

கொண்டு செல்லும் மீதியைப் பாருங்கள், உண்மை விளங்கும். மூன்றிலிருந்து புறப்பட்டால் மீதி 4, 5, 6, 7 என்று ஒவ்வொன்றாக ஏறுகிறது. நான்கிலிருந்து புறப்பட்டால் 7½, பின் 18 க்கு மேல், பின் 84 க்கு மேல், பின் 1400 க்கும் மேல். வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப்போல மீதி வெடிக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் சரியாகக் காட்டிக்கொண்டு, பெரிய தொகையொன்றைக் கண்ணுக்குத் தெரியாத கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைத்த கணக்கு அது.

சந்தேகம் தீர நேரேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏதாவது ஒரு படியில் மீதியைக் கைவிட்டு, அந்த இடத்தில் வெறும் 1 ஐ வையுங்கள். முதற்படியில் √(1 + 2) = 1.732. அடுத்த படியில் √(1 + 2√(1 + 3)) = 2.236. அதற்கடுத்தவை 2.560, 2.755, 2.867. ஒவ்வொரு படியிலும் விடை ஏறுகிறது, ஆனால் 3 ஐத் தாண்டவில்லை. தாண்டவும் முடியாது. வைக்கவேண்டிய 4 அல்லது 5 அல்லது 6 க்குப் பதிலாக நாங்கள் சிறிய எண்ணையே வைக்கிறோம். அதேவேளை வர்க்கமூலம் பெரிய எண்ணையும் கடுமையாகச் சுருக்கிவிடும். பத்தாயிரம் நூறாகும், நூறு பத்தாகும். அதனால் மிக உள்ளே செய்யும் சிறு பிழை வெளியே வரும்போது ஒன்றுமில்லாமல் போகிறது. விடை 3 தான்.

இராமானுஜன் தமது விடையில் இந்த மீதியைப் பற்றி எழுதவில்லை. விடை சரி, நிறுவலில் ஒரு படி குறைவு. அவர் காலமான பின் 1927 இல் அவருடைய ஆய்வுக்கட்டுரைகளின் திரட்டு கேம்பிரிட்ஜில் வெளியானது. ஹார்டி, இராமானுஜனின் ஆசிரியர் சேஷு ஐயர், வில்சன் ஆகிய மூவரும் பதிப்பாசிரியர்கள். அதன் பின்னிணைப்பில், இத்தகைய மூலத்தொடர்கள் எப்போது ஒரு நிலையான எண்ணில் வந்து நிற்கும், எப்போது நிற்காது என்பதற்கான பொதுவான அளவுகோல் இடம்பெற்றது. அதைக் கண்டவர் தி. விஜயராகவன், 1902 இல் பிறந்த தமிழர், ஹார்டியிடம் ஒக்ஸ்போர்ட்டில் பயின்றவர். பின்னாளில் அழகப்பச் செட்டியார் சென்னையில் இராமானுஜன் பெயரில் ஒரு கணித நிறுவனத்தைத் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரும் இவரே. ஒருவர் விட்ட படியை இன்னொருவர் கட்டி முடித்தார்.

துறைமுகக் கணக்குப் பிரிவு

விடை வெளியான அதே 1912 இல், மார்ச் முதலாம் திகதி, இராமானுஜன் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அதற்கு முன் கணக்காளர் நாயகத்தின் அலுவலகத்தில் சில வாரங்கள் தற்காலிகமாக வேலை செய்திருந்தார்.

அவருடைய நல்ல காலம், அங்கே தலைமைக் கணக்காளராக இருந்தவர் எஸ். நாராயண ஐயர். அவரும் கணிதம் படித்தவர், கணிதச் சங்கத்தின் உறுப்பினர். தமக்குக் கீழே வேலை செய்யும் பையன் செய்வது என்ன என்பதை அவர் கண்டுகொண்டார். வேலை முடிந்த மாலைகளில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்தார்கள். "உன் சிலேட்டில் இரண்டு வரிக்கு நடுவே பத்து வரியை விட்டுவிடுகிறாய், மற்றவர்களுக்கு விளங்க எழுது" என்பது போன்ற அறிவுரை அவரிடமிருந்து இராமானுஜனுக்குக் கிடைத்ததாகச் சொல்வார்கள். கழகத்தின் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடமும் அவர் இராமானுஜனைப் பற்றி எடுத்துச் சொன்னார்.

1913 ஜனவரி 16 இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய புகழ்பெற்ற கடிதம், தாம் அந்தத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஒரு எழுதுவினைஞர் என்ற அறிமுகத்தோடுதான் தொடங்குகிறது. அவ்வாண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவி கொடுத்தது. 1914 மார்ச் 17 இல் அவர் கப்பலேறினார். 1918 இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1919 இல் நோயோடு ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 இல் சென்னையில் காலமானார். வயது 32.

சேடுகளை அவர் விடவில்லை. சஞ்சிகைக்குக் கொடுத்த இன்னொரு கேள்வியில், 5 இன் கனமூலத்திலிருந்து 4 இன் கனமூலத்தைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தைக் காணச் சொன்னார். விடை, 2 இன் கனமூலத்தோடு 20 இன் கனமூலத்தைக் கூட்டி, 25 இன் கனமூலத்தைக் கழித்து, மூன்றால் வகுத்தால் வரும். நம்பாதவர்கள் இதற்கு மட்டும் கல்குலேற்றரை எடுக்கலாம். இரண்டு பக்கமும் 0.3501 என்று வரும். ஆனால் அப்படி ஒரு வடிவம் இருக்கிறது என்பதைக் கல்குலேற்றர் ஒருநாளும் தானாகச் சொல்லாது.

அந்தத் தாயாருக்கு

அம்மா, உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். கல்குலேற்றர் பெறுமதியைத் தரும், அதுவும் ஓரிடத்தில் வெட்டித் தரும். அந்த ஐந்து வரிகள், அந்தப் பெறுமதி ஏன் அதுவாக இருக்கிறது என்று காட்டும். பேராசிரியர்கள் ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு, பட்டமில்லாத ஒருவர் கையில் பள்ளிக்கூடச் சர்வசமன்பாட்டால் திறந்தது. சர்வசமன்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைப் பின்பக்கமாகவும் வாசித்துப் பார்க்கும் பழக்கம்தான் அவரிடம் கூடுதலாக இருந்தது. அது பழகினால் வரும்.

உங்களுக்கும் ஒன்று. பிள்ளை ஆங்கிலத்தில் செய்தாலும் நீங்கள் தமிழில் படித்திருந்தாலும் மூன்றின் வர்க்கம் ஒன்பதுதான். கொப்பியை வாங்கிப் பாருங்கள். எழுத்துகள் மாறியிருக்கும், வரிகள் மாறியிரா. தெரியாத வரி வந்தால் பிள்ளையைக் கொண்டே உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். தாய்க்கு விளங்கச் சொல்ல முடிந்த பிள்ளைக்குப் பரீட்சைத் தாளில் எழுதுவது பெரிய காரியம் அல்ல. நாராயண ஐயர் தம் எழுதுவினைஞருக்குச் செய்ததும் ஏறக்குறைய இதுதான். பக்கத்தில் உட்கார்ந்தார், "விளங்கவில்லை, இன்னும் ஒரு வரி எழுது" என்றார்.

கடைசியாக, அந்தச் சஞ்சிகையின் வழக்கப்படி நாங்களும் இரண்டு கேள்விகளோடு முடிப்போம். ஸ்ரீல்ஸ் வீதிக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள எல்லா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் இவை பொது.

ஒன்று: √(11 + 6√2) ஐச் சுருக்குக. உள்ளே இருப்பது எதன் வர்க்கம் என்று தேடுங்கள். 6√2 என்பது 2 × 3 × √2 என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு: இராமானுஜன் 289 ஆம் கேள்வியிலேயே கேட்ட இரண்டாம் பகுதி. √(6 + 2√(7 + 3√(8 + …))) இன் பெறுமதி என்ன? 16 ஐ 6 + 2 × 5 என்றும், 25 ஐ 7 + 3 × 6 என்றும் எழுதிப் பாருங்கள். மீதி எப்படி ஏறுகிறது என்பதையும் மறக்காமல் பாருங்கள்.

விடைகள் அடுத்த மாத மடலில் வரும். பிள்ளைகள் தாங்களே நிகழ்ச்சிக்கு அழைத்துச் சொன்னால் இன்னும் மகிழ்ச்சி. தமிழிலும் சொல்லலாம், ஆங்கிலத்திலும் சொல்லலாம். வரிகளை மட்டும் விடாமல் சொல்ல வேண்டும்.